பத்துக் குடம் நல்ல தண்ணீர்

"டீச்சர், உப்புல சாம்பல் கலந்துட்டு. பிரிக்க முடியுமா?"

"முடியும். ஆறாம் வகுப்புப் பாடம்."

இப்படித்தான் கொம்பையா சீடரானார்.

அவருக்கு வயது ஐம்பத்தேழு. பியூலா டீச்சருக்கு முப்பத்து மூன்று. குரு என்றால் தாடி வேண்டும், ஆலமரம் வேண்டும் என்று அடம்பிடிப்பவர்களுக்கு இந்தக் கதையில் ஒன்றும் கிடைக்காது. தூத்துக்குடிக்கு வடக்கே உப்பளங்களை ஒட்டி ஒரு பள்ளிக்கூடம். அதில் கதவு சரியாகச் சாத்தாத ஓர் அறிவியல் அறை. அவ்வளவுதான் ஆசிரமம்.

"எவ்வளவு உப்பு?"

"ஒரு மூட்டை இருக்கும்."

"எவ்வளவு சாம்பல்?"

"சின்னக் கலயம். ஒரு கலயம்."

கொம்பையா கையில் ஒரு பாலித்தீன் பை இருந்தது. மாதிரிக்கு ஒரு கை உப்பு அள்ளி வந்திருந்தார். ஒரு கை உப்பை யாரும் இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு நிற்பதில்லை. டீச்சர் அதைப் பார்த்தார்.

சாம்பல் எதோடது என்று கேட்டிருக்கலாம்.

"யாரோடது?" என்றார்.

"பேச்சித்தாயோடது. என் வீட்டுக்காரி."

டீச்சர் ஸ்டூலை இழுத்துப் போட்டார்.

"உக்காருங்க அண்ணாச்சி."


பேச்சித்தாய் போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. திதிக்கு இன்னும் பதினொரு நாள். எல்லோரையும் போல மறுநாளே சாம்பலை அள்ளிக் கடலில் கரைத்துவிட்டார்கள். கொம்பையா மட்டும் யாருக்கும் தெரியாமல் ஒரு கலயம் சாம்பலை ஒதுக்கிக்கொண்டார். அதைத் தான் வேலை செய்யும் அளத்தில், உப்பு அம்பாரத்துக்குள்ளே புதைத்து வைத்தார்.

"உப்புக்குள்ள எதுக்கு வச்சீங்க?"

"உப்புக்குள்ள வச்சது கெடாதுல்லா."

"சாம்பல் கெடுமா?"

கொம்பையா பையின் வாயை முறுக்கினார்.

"மண் கலயம் உப்புக்குள்ள நிக்குமா?"

"நிக்காது டீச்சர். உப்பு பூத்து, பொருக்குப் பொருக்கா உதிர்ந்துரும்."

"அது எப்போ இருந்து தெரியும் உங்களுக்கு?"

"முப்பத்தெட்டு வருஷமாத் தெரியும்."

டீச்சர் சிரிக்கவில்லை. முப்பத்தெட்டு வருஷம் உப்பு வாரியவன் மண் கலயத்தை உப்புக்குள் வைக்கிறான் என்றால், வைத்தது மூளையில்லை என்று அவருக்குத் தெரிந்திருக்கும்.


கண்ணாடிக் குவளையில் தண்ணீர். டீச்சர் அதில் அந்த ஒரு கை உப்பைப் போட்டுக் கண்ணாடிக் குச்சியால் கலக்கினார்.

உப்பு மறைந்தது. தண்ணீர் சாம்பல் நிறமாகக் கலங்கியது.

"உப்பு கரையும். சாம்பல் கரையாது. எழுதிக்கோங்க."

அது டீச்சரின் வாய்ப்பழக்கம். எதைச் சொன்னாலும் கடைசியில் 'எழுதிக்கோங்க' வந்துவிடும். பிள்ளைகள் முதுகுக்குப் பின்னால் அவரை அப்படித்தான் கூப்பிட்டார்கள்.

"எங்கிட்ட நோட்டு இல்ல டீச்சர்."

டீச்சர் ஒரு தாளைக் கிழித்துக் கொடுத்தார். பேனாவும் கொடுத்தார். கொம்பையா அஞ்சாம் வகுப்பு வரை படித்தவர். தாளை மேஜையில் வைத்து, நாக்கைத் துருத்திக்கொண்டு எழுதினார்: 'ஒண்ணு. கரைக்கணும்.'

கொஞ்ச நேரம் அசையாமல் வைத்தார்கள். சாம்பல் அடியில் படிந்தது. மேலே தெளிந்ததை மெல்லச் சாய்த்து இறுத்து, மிச்சத்தை வடிதாள் போட்ட புனலில் ஊற்றினார் டீச்சர்.

சொட்டு. சொட்டு. சொட்டு.

கீழே தண்ணீர் பளிங்காக இறங்கியது. தாளில் கறுப்பும் வெள்ளையுமாக ஒரு சிட்டிகை ஈரச் சாம்பல் தங்கியது.

கொம்பையாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. தாளைத் தொடப் போனவர் கையை இழுத்துக்கொண்டார்.

"வந்துட்டாளே டீச்சர்."

டீச்சர் புனலை நேராக்கி வைத்தார்.

"முழுசா வந்துட்டாளா?"

இதற்கு ஆமாம் என்று சொல்லியிருந்தால் கதை இங்கேயே முடிந்திருக்கும். பாடம் நடத்துகிறவர்களுக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது. டீச்சர் அலமாரியிலிருந்து ஒரு சிவப்பு லிட்மஸ் தாளை எடுத்தார். வெறும் உப்புத் தண்ணீரில் ஒரு முனையை நனைத்தார். சிவப்பாகவே இருந்தது. மறுமுனையைப் புனலுக்குக் கீழே இறங்கிய தெளிந்த தண்ணீரில் நனைத்தார்.

லேசாக நீலம் ஓடியது.

"இது என்ன?"

"சாம்பல்ல கொஞ்சம் கரையிற பாகமும் இருக்கு அண்ணாச்சி. அது இந்தத் தண்ணிக்குள்ள போயிட்டு."

"இதுவும் அவதானே?"

"பெரும்பாலும் விறகா இருக்கும்."

கொம்பையா நிமிர்ந்தார்.

"விறகா?"

"விறகு, வரட்டி. சிதையில அடுக்குனது எல்லாம் சேர்ந்துதானே சாம்பல்."

ஒரு வருஷமாக அந்தக் கலயத்தில் இருந்தது பேச்சித்தாய் மட்டும்தான் என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார். அவளோடு பாதி விறகும் இருந்தது என்பது அவருக்கு இன்றைக்குத்தான் தெரிகிறது.

"சரி. அப்ப அதையும் பிரிச்சுத் தாங்க."

"எதை?"

"விறகு தனியா. அவ தனியா."

டீச்சர் மேஜையிலிருந்த தீப்பெட்டியை எடுத்தார். ஒரு குச்சியை உரசினார். அது கடைசி வரை எரிந்து வளைந்து கருகும் வரை பிடித்திருந்தார். ஊதி அணைத்து, கொம்பையாவின் உள்ளங்கையில் வைத்தார்.

"எனக்கு என் குச்சியைத் திருப்பித் தாங்க."

கொம்பையாவின் முகம் சுருங்கியது.

"நான் என்ன சின்னப் பிள்ளையா டீச்சர்? எரிஞ்சது திரும்பாதுன்னு எனக்குத் தெரியாதா? சிதைக்குக் கொள்ளி வச்ச கை இது."

எழுந்தார். ஸ்டூல் கவிழ்ந்தது. நிமிர்த்தி வைக்காமல் போய்விட்டார்.

குருமார்களுக்கும் சில நேரம் புத்தி இப்படிப் போகும். டீச்சர் ரொம்ப நேரம் அந்த ஸ்டூலையே பார்த்துக்கொண்டிருந்தார்.


மறுநாள் மத்தியானம் கொம்பையா திரும்ப வந்தார்.

சட்டைப் பையிலிருந்து கருகின தீக்குச்சியை எடுத்து மேஜையில் வைத்தார். ஒடியாமல் கொண்டுவந்திருந்தார்.

"நேத்து அப்படிச் செஞ்சிருக்கக் கூடாது. மன்னிச்சிருங்க அண்ணாச்சி," என்றார் டீச்சர்.

"இல்ல டீச்சர். நான் கேட்டதுதான் கிறுக்குத்தனம்."



"எதுக்கு முழுசா வேணும்?" டீச்சர் கேட்டார்.

"ஒரு வார்த்தை சொல்லணும் அவகிட்ட. சொல்லிட்டுக் கரைச்சிரலாம்னுதான் எடுத்து வச்சேன். ஒரு வருஷமா வாய் வரல. இப்ப அவ சிதறிக் கிடக்கா. முழுசா இருந்தாத்தானே சொல்ல முடியும்? பாதி ஆளுகிட்ட எப்படிச் சொல்ல?"

"என்ன வார்த்தை?"

கொம்பையா கரும்பலகையைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

"அளத்துல குடிக்கத் தண்ணி கிடையாது டீச்சர். சுத்தி எங்க பார்த்தாலும் தண்ணி. ஒரு வாய் குடிக்க முடியாது. ரோட்டடிக் குழாய்க்குப் போகணும். ஒண்ணரைக் கிலோமீட்டர். அளத்துல அது பொம்பளைக வேலை. ஆம்பளை எவனும் குடம் தூக்க மாட்டான். தூக்கினா அன்னைக்குப் பூரா அவன்தான் பேச்சு."

"ம்."

"ஒருநாள் சொன்னா. 'கழுத்தெல்லாம் வலிக்கு. நெஞ்சு ஒரு மாதிரி பிடிக்கு. இன்னைக்கு ஒரு நாள், ஒரே ஒரு குடம் நீங்க எடுத்துட்டு வாங்களேன்'னு."

நிறுத்தினார்.

"சிரிச்சேன் டீச்சர். 'சேலையும் கட்டிக்கிட்டுப் போகவா?'ன்னு கேட்டேன். பக்கத்துப் பாத்தியில நின்னவனுகளும் சிரிச்சானுக. அவளும் சிரிச்சா. சிரிச்சிக்கிட்டே குடத்தை எடுத்துட்டுப் போனா."

டீச்சர் கையிலிருந்த சாக்கட்டியை உருட்டிக்கொண்டிருந்தார்.

"குழாயடியில இருந்து பாதி வழி வந்திருக்கா. குடத்தோட விழுந்துட்டா. நான் போய்ப் பாக்கும்போது மண்ணு நனைஞ்சிருந்துச்சு. அவ இல்ல."


பலகையில் எட்டாம் வகுப்புப் பாடம் பாதியில் நின்றது. நடுவே ஒரு கோடு. ஒரு பக்கம் 'மீளும் மாற்றம்'. மறுபக்கம் 'மீளா மாற்றம்'. பிள்ளைகள் சொல்லச் சொல்ல டீச்சர் எழுதிப்போட்டது.

கொம்பையா எழுத்துக் கூட்டி வாசித்தார்.

"ஐஸ் உருகுதல். மெழுகு உருகுதல். உப்பு கரைதல். இதெல்லாம் திரும்பும்."

"திரும்பும்."

"தாள் எரிதல். பால் தயிராதல். அரிசி சோறாதல். இரும்பு துருப்பிடித்தல். இதெல்லாம் திரும்பாது."

"திரும்பாது."

"நான் எடுக்காத அந்த ஒரு குடம் தண்ணியை எந்தப் பக்கம் எழுதுவீங்க டீச்சர்?"

டீச்சர் பலகைக்கு முன்னால் போய் நின்றார். சாக்கட்டியைத் தூக்கினார். கை கோட்டுக்கு நேராக அப்படியே நின்றது.

பிறகு இறக்கிவிட்டார்.

"அதை நான் எழுத முடியாது அண்ணாச்சி."

சாக்கட்டியைப் பலகையின் விளிம்பில் வைத்துவிட்டு மேஜைக்கு வந்தார். தாளை எடுத்துக் கணக்குப் போட்டார்.

"அந்த மூட்டை முழுக்க நாமதான் பிரிக்கணும். நூறு கிராம் தண்ணியில முப்பத்தாறு கிராம் உப்பு கரையும். அம்பது கிலோவுக்கு எப்படியும் நூத்தி நாப்பது லிட்டர் வேணும்."

"கடல் தண்ணிதான் கிடக்கே."

"அது ஆகாது. அதுல ஏற்கெனவே உப்பு இருக்கு. நல்ல தண்ணி வேணும்."

"நூத்தி நாப்பது லிட்டர்னா எத்தனை..."

கேட்டுக்கொண்டிருக்கும்போதே கொம்பையாவுக்கு விடை தெரிந்துவிட்டது. டீச்சருக்கும் அப்போதுதான் தெரிந்தது.

"பத்துக் குடம்," என்றார் டீச்சர், மெதுவாக.

கொம்பையா தரையைப் பார்த்தார்.

"லாரித் தண்ணி விலைக்கு வாங்கிரலாம்," என்றார்.

"வாங்கலாம்."

 கொம்பையா எழுந்து போனார். போகும்போது ஸ்டூலை ஓரமாக எடுத்து வைத்துவிட்டுப் போனார்.


குடிசையில் பேச்சித்தாயின் குடம் கவிழ்த்துக் கிடந்தது. பச்சை பிளாஸ்டிக் குடம். விழுந்ததில் ஒரு பக்கம் நசுங்கியிருந்தது, உடையவில்லை. உள்ளே ஒரு பல்லி குடியிருந்தது.

பல்லியைத் தட்டிவிட்டு, குடத்தைக் கழுவி, கொம்பையா குழாயடிக்குப் போனார்.

வரிசையில் பதினாலு பெண்கள். பதினைந்தாவதாக மீசை வைத்த ஓர் ஆள்.

"என்ன அண்ணாச்சி, வழி தப்பி வந்துட்டியளா?" என்றாள் ஒருத்தி. அத்தனை பேரும் சிரித்தார்கள்.

கொம்பையாவும் சிரித்தார். பேச்சித்தாயும் அன்றைக்கு இப்படித்தான் சிரித்திருப்பாள் என்று தோன்றியது. தோன்றியதும் சிரிப்பை விட்டுவிட்டு, குனிந்து குடத்தை வரிசையில் நகர்த்தி வைத்தார்.

முதல் குடத்தைத் தோளில் வைத்தார். தளும்பி முதுகு நனைந்தது. அளம் போய்ச் சேர்ந்தபோது முக்கால் குடம்தான் மிஞ்சியது.

"தலையில வைங்க. சும்மாடு கட்டி வைங்க," என்று சிரித்த அதே பெண் இரண்டாவது நடையில் சொல்லிக் கொடுத்தாள். அவருடைய துண்டை வாங்கிச் சுருட்டித் தலையில் வைத்து, குடத்தைத் தூக்கியும் விட்டாள்.

மூன்றாவது நடையில் கழுத்து கல்லாகிவிட்டது. பாதையில் நிழலென்று ஒன்று கிடையாது. இருபுறமும் உப்பு, கண்ணைத் திறக்க விடாத வெள்ளை. வெறுங்கையோடு இந்தப் பாதையில் அவர் ஆயிரம் தடவை நடந்திருக்கிறார். குடத்தோடு நடந்தபோது அதே பாதை இரண்டு மடங்கு நீண்டிருந்தது.

நான்காவது நடையில், பாதி வழியில், ஓரிடத்தில் நின்றார்.

குடத்தை இறக்கவில்லை. கொஞ்ச நேரம் நின்றுவிட்டு நடந்தார்.

அன்றைக்கு ஐந்து. மறுநாள் ஐந்து. அளத்து ஆண்கள் முதல்நாள் கேலி பேசினார்கள். இரண்டாம் நாள் யாரும் பேசவில்லை.


கலக்கினார். தெளிய வைத்தார். இறுத்தார்.

வடிகட்ட டீச்சரின் தாள் போதாது. பேச்சித்தாயின் நூல் சேலை ஒன்று கொடியில் கிடந்தது. அதை நாலாக மடித்து வாளியின் வாயில் கட்டினார். இரண்டு முறை வடித்தார்.

சேலையில் ஒரு கைப்பிடி தங்கியது.

தெளிந்த உப்புத் தண்ணீரை என்ன செய்வது என்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. தார்ப்பாயை விரித்து, நான்கு பக்கமும் மண் அணைத்து, சின்னதாக ஒரு பாத்தி கட்டினார். மண்ணுக்குள் ஒரு சொட்டும் இறங்கிவிடக் கூடாது. தண்ணீரை அதில் ஊற்றி, பக்கத்தில் குந்திக்கொண்டார்.

ஐந்து நாள் வெயில். ஐந்து நாளும் சோற்றைக்கூட அங்கேயேதான் தின்றார். முப்பத்தெட்டு வருஷமாக எத்தனையோ பாத்திகளில் உப்பு விளைவதைப் பார்த்தவர். இப்படி ஆசையாக ஒன்றையும் பார்த்ததில்லை. தண்ணீர் வற்ற வற்ற அவருக்கு அவள் பக்கத்தில் வருவது போலவே இருந்தது. வந்தால் என்ன கேட்பாள் என்று யோசித்தார். சாப்பிட்டீகளா என்றுதான் கேட்பாள். வேறென்ன கேட்டிருக்கிறாள் அவள்.


திதிக்கு முந்தின நாள் அறிவியல் அறைக்கு வந்தார்.

மேஜையில் மூன்றை வைத்தார். ஒரு பொட்டலம் சாம்பல். ஒரு பொட்டலம் உப்பு. ஒரு பாட்டில் தண்ணீர்.

டீச்சர் உப்பை விரலில் எடுத்துப் பார்த்தார். வெள்ளை வெளேரென்று இருந்தது.

"இந்தப் பாட்டில் எதுக்கு? தண்ணியை முழுக்க வத்த விட்டிருக்கணுமே. முழுக்க ஆவியானாத்தானே உப்பு பூராவும் கிடைக்கும்?"

"வத்த விடக் கூடாது டீச்சர்."

"புத்தகத்துல அப்படித்தான் போட்டிருக்கு."

"புத்தகம் போட்டவரு அளத்துல நின்னிருக்க மாட்டாரு. கடைசித் தண்ணி கசப்பு. உப்பு முதல்ல விளைஞ்சிரும், கசப்பு பூராவும் தண்ணியிலயே தங்கிரும். அந்த நேரம் பார்த்துத் தண்ணியை எடுத்துரணும். பேராசைப்பட்டு முழுக்க வத்த விட்டா அந்தக் கசப்பும் உப்புல ஏறிரும். வாயில வைக்க முடியாது. மூட்டையில கிடந்து நசநசன்னு வேர்த்துக்கிட்டே இருக்கும்."

டீச்சர் புருவத்தைத் தூக்கினார்.

"எழுதிக்கோங்க டீச்சர்," என்றார் கொம்பையா.

டீச்சர் நிஜமாகவே பேனாவை எடுத்து எழுதிக்கொண்டார்.

பிறகு ஒரு சிவப்பு லிட்மஸ் தாளைக் கிழித்துப் பாட்டிலுக்குள் முனையை நனைத்தார். நீலம். அன்றைக்குப் பார்த்த லேசான நீலம் இல்லை இது. பள்ளிக்கூடச் சீருடை நீலம்.

"கரைஞ்சு போனது எல்லாம் இதுக்குள்ள இருக்கு அண்ணாச்சி. பத்துக் குடத்துல பரந்து கிடந்தது இப்ப ஒரு பாட்டில்ல இருக்கு."

"அவளும் விறகும்."

"அவங்களும் விறகும்."

கொம்பையா பாட்டிலை எடுத்து வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தார். கொஞ்சம் மஞ்சளாக, எண்ணெய் மாதிரி அசைந்தது. மூடியைக் கெட்டியாகத் திருகினார். மடியில் வைத்து இரண்டு கையாலும் பொத்திக்கொண்டார்.

"இதை நான் வச்சிக்கிடலாமா டீச்சர்? இது கெடாதுல்லா?"

டீச்சர் பாட்டிலைப் பார்த்தார்.

"அளத்துல இந்தக் கடைசித் தண்ணியை என்ன செய்வீங்க?" என்று கேட்டார்.

"கடலுக்கு விட்டுருவோம்."

"வச்சிக்க மாட்டீங்களா?"

"அதை எதுக்கு வைக்கணும்? இருக்க இருக்க அடுத்த விளைச்சலும் கச..."

கொம்பையா நிறுத்தினார்.

வெளியே பிள்ளைகள் கபடி ஆடும் சத்தம் கேட்டது. பாட்டில் அவர் மடியிலேயே இருந்தது. ஒரு கை அதை விட்டது. கொஞ்சம் கழித்து மறு கையும் விட்டது.

"ஒரு வார்த்தை சொல்லணும்னீங்களே," என்றார் டீச்சர். "நாளைக்குச் சொல்லிருவீங்களா?"

"சொல்லிட்டேன் டீச்சர்."

"எப்போ?"

"நாலாவது குடத்துல. அவ விழுந்த இடம் வந்துச்சு. கழுத்து கடுகடுன்னு வலிக்கு. தலையில குடம் இருக்கு, நிமிர்ந்து பாக்கக்கூட முடியல. தானா வாயில வந்துட்டு."

டீச்சர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

கொம்பையா எழுந்தார். பாட்டிலை ஒரு கையிலும் சாம்பல் பொட்டலத்தை மறு கையிலும் எடுத்தார்.

"உப்பு?" என்றார் டீச்சர்.

"அது இருக்கட்டும். உங்களுக்குத்தான். குழம்புக்குப் போடுங்க, கசக்காது."

கதவு வரை போனவர் நின்றார். பலகையைப் பார்த்தார். திரும்பி வந்து, கையிலிருந்த இரண்டையும் மேஜையில் வைத்தார். பத்து நாளாக டீச்சர் அந்தப் பலகையை அழிக்கவில்லை; விளிம்பில் அந்தச் சாக்கட்டியும் அப்படியே கிடந்தது.

அதை எடுத்தார். மீளும் மாற்றத்துக்குக் கீழே கொஞ்சம் இடம் இருந்தது. அந்த இடத்தையே வெகுநேரம் பார்த்தார். பிறகு கோட்டைத் தாண்டி மறுபக்கம் போனார். இரும்பு துருப்பிடித்தலுக்குக் கீழே, நாக்கைத் துருத்திக்கொண்டு, பெரிய பெரிய எழுத்தாக எழுதினார்.

'ஒரு குடம் தண்ணி.'

சாக்கட்டியை வைத்துவிட்டு, பாட்டிலையும் பொட்டலத்தையும் எடுத்துக்கொண்டு போனார். மணி மூன்றுதான் ஆகியிருந்தது. திதி நாளைக்குத்தான். ஆனாலும் அவர் வீட்டுப் பக்கம் போகவில்லை, கடல் பக்கம் போனார். டீச்சர் ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

மணி அடித்தது. எட்டாம் வகுப்பு உள்ளே வந்தது.

"டீச்சர், கடைசியில ஏதோ எழுதியிருக்கு. ஒரு குடம் தண்ணின்னு," என்றாள் முன்வரிசைப் பெண் ஒருத்தி. "யாரோ தப்பா எழுதிட்டாங்க. அழிச்சிரவா?"

டீச்சர் ஜன்னலை விட்டுத் திரும்பவில்லை.

"எழுதிக்கோங்க," என்றார்.